கீறல் முட்டைகளைப் பற்றியும் நடுங்காத ஒரு கையைப் பற்றியும்

அனுப்புநர்:
பேக்கரி உரிமையாளர்,
முட்டைக் கிடங்குக்கு நேர் எதிர்க் கடை,
கிடங்குப் பக்கச் சந்து.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
முட்டை வரத்து, இருப்பு மற்றும் விநியோகப் பிரிவு,
உணவுப் பொருள் வழங்கல் அலுவலகம்.

பொருள்: கீறல் முட்டைகளை இழப்பாகக் கருதுவது, கிடங்கின் பக்கவாட்டு ஜன்னலை மூடியது, முட்டைப் பரிசோதகரைக் 'கை நடுக்கம்' என்ற காரணம் காட்டி இடமாற்றம் செய்தது ஆகியவை குறித்த முறையீடு.

பார்வை: 1. மேற்படி ஜன்னலின் மீது அறையப்பட்ட பலகையில் ஒட்டியுள்ள தங்கள் சுற்றறிக்கை. 2. இது தொடர்பாக நான் தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் வந்து, மூன்று முறையும் 'எழுதிக் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மரியாதையுடன் எழுதிக்கொள்வது:

1. நான் மேற்கண்ட முகவரியில் இருபத்தாறு ஆண்டுகளாக பேக்கரி நடத்தி வருகிறேன். ரொட்டி, பன், கேக், பிஸ்கட் ஆகியவை எங்கள் சரக்கு. வயது ஐம்பத்து மூன்று. இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை; தெருவிளக்கு எரியவில்லை என்றுகூட எழுதியதில்லை. ஆகவே முறை பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என்னுடன் இருந்து கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா இதைப் படித்துவிட்டு, "இது மனுவாடா? இவ்வளவையும் உட்கார்ந்து படிக்க அந்த ஆபீசருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுருக்கிப் பார்த்தேன். சுருக்கச் சுருக்க உண்மைதான் முதலில் வெளியே போகிறது. ஆகவே நீளமாகவே அனுப்புகிறேன்.

2. தங்கள் கிடங்குக்கு நாள்தோறும் காலையில் பண்ணைகளிலிருந்து இரண்டு வண்டிகளில் முட்டை வரும். அட்டைக்கு முப்பது வீதம் நூறு அட்டை. இறக்கியவுடன் அவை குளிர் அறைக்குப் போவதில்லை. முதலில் பரிசோதனை மேசைக்குப் போகும். மேசை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு பல்பு, மேலே முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை. முட்டையை அதில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். நல்லது, கீறல், ஒழுகல், கூமுட்டை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். மூவாயிரம் முட்டையையும் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரே ஆள் பிரித்து முடித்துவிடுவார். ஒன்பது ஆண்டுகள் அப்படி முடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரே ஆளை முன்னிட்டே இம்மனு. கிடங்கில் அனைவரும் அவரை 'லைட்டக்கா' என்று அழைப்பார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு மட்டும் அந்த 'அக்கா' வாயில் வரவே இல்லை. ஆகவே ஆறு ஆண்டுகளாக நான் அவரை எப்படியும் அழைத்ததில்லை. ஜன்னலருகே போய் நின்று தொண்டையைச் செருமுவேன், திரும்பிப் பார்ப்பார். இம்மனுவில் அவரைப் பரிசோதகர் என்றே குறிப்பிடுகிறேன்.

3. கீறல் முட்டை வேறு, உடைந்த முட்டை வேறு என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கீறல் முட்டையின் ஓட்டில் தலைமுடி போல ஒரு கோடு மட்டும் இருக்கும். உள்சவ்வு கிழிந்திருக்காது. அது இன்றைக்கு நல்ல முட்டை, நாளைக்கும் ஏறத்தாழ நல்ல முட்டை, மூன்றாம் நாள் குப்பை. அதற்குத் தேவை குளிர் அறை அல்ல. பக்கத்திலேயே ஓர் அடுப்பு. தங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த அலுவலர் ஒருவர் இதைப் புரிந்துகொண்டு, கிடங்கின் பக்கச்சுவரில் உள்ள ஜன்னல் வழியாகத் தினமும் பதினொரு மணிக்குக் கீறல் முட்டைகளைக் குறைந்த விலைக்குச் சீட்டுப் போட்டு அருகிலுள்ள பேக்கரிக்குக் கொடுக்கலாம் என்று உத்தரவிட்டார். அருகில் இருந்தது நான் ஒருவன்தான். நாளுக்கு இரண்டு அட்டை கிடைக்கும். அன்று மாலைக்குள் அத்தனையும் அடுப்பில் ஏறிவிடும்.

ஆனால் தங்கள் அலுவலகப் படிவத்தில் 'இழப்பு' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. கூமுட்டையும் அதில்தான், ஒழுகலும் அதில்தான், கீறலும் அதில்தான். காலையில் கிடங்கில் இழப்பு என்று எழுதப்பட்ட முட்டை, சாயங்காலம் என் கடையில் கேக்காகி யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதை நான் பரிசோதகரிடம் ஒருமுறை சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்ப நேத்து போனதெல்லாம் என்னாச்சுன்னு தினமும் வந்து சொல்லுங்க. நானாவது மனசுல எழுதி வச்சுக்கறேன்" என்றார்.

4. அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. நான் போய் நின்றதும் "நேத்து என்னாச்சு?" என்பார். "பாதி கேக்கு, பாதி பிஸ்கட்டுங்க" என்பேன். "பிஸ்கட்டு மொறுமொறுன்னு வந்துச்சா?" என்பார். "கொஞ்சம் தீஞ்சுடுச்சுங்க" என்றால், "கவனம் எங்க இருந்துச்சு?" என்பார். கவனம் எங்கே இருந்தது என்று நான் சொன்னதில்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும். சில நாள் ஆறு.

அந்த ஜன்னல் சிறியது. அதன் வழியே அவருடைய முகத்தில் பாதியும் இரண்டு கைகளும்தான் தெரியும். பெட்டிக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் விரல்களுக்கு இடையே சிவப்பாகத் தெரியும். ஒரு கையில் இரண்டு முட்டை வீதம் நான்கை ஒரே நேரத்தில் உருட்டிப் பார்ப்பார். ஒன்றோடொன்று உரசும் சத்தம்கூடக் கேட்காது. நானும் கைவேலைக்காரன்தான் ஐயா. நல்ல கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஒருமுறை அவர் தந்த முட்டையில் செய்த கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். ஜன்னல் வழியே சரக்கு வெளியே போகலாம், உள்ளே எதுவும் வரக்கூடாது என்பது தங்கள் விதி. "விதி இருக்குதுங்களே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் மட்டும் காகிதத்தின் மேலேயே இருந்தது. நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் அதைத் தின்ன நான் விடவில்லை, நானும் தின்னவில்லை. இத்தனை ஆண்டு அவர் கை பார்த்துக் கொடுத்த முட்டையில் எவ்வளவோ செய்து ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறேன். அவர் ஒரு விள்ளல்கூடச் சாப்பிட்டதில்லை. இது புகாரில் சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

5. என் அக்கா இதையெல்லாம் முதல் வருடமே கண்டுகொண்டார். "முட்டை வாங்கப் போறவன் எதுக்குடா சட்டைக்கு இஸ்திரி போடற? முட்டைக்காகப் போறியா, முட்டை பாக்கறவங்களுக்காகப் போறியா?" என்று கேட்டார். மாவு படிந்த சட்டையோடு ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்பது மரியாதை அல்ல என்று பதில் சொன்னேன். "வாசல்ல எங்கடா நிக்கற, சந்துல ஜன்னல் பக்கம் நிக்கற" என்றார். அக்கா கணவரை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு என் கடைக்கு வந்தவர். அந்தப் பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை. பரிசோதகரும் தனியாள் என்பதையும், படுக்கையில் இருந்த தகப்பனாரை வெகுகாலம் பார்த்துக்கொண்டு வழியனுப்பியவர் என்பதையும் வாட்ச்மேன் சொல்லித்தான் அறிந்தேன். நாங்கள் இருவரும் முட்டையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை.

6. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம் பண்ணைகளுக்கெல்லாம் புது வகை அட்டை கொடுத்தது. குழி ஆழமானது, ஓரம் தடிமனானது. மிக நல்ல ஏற்பாடு. வழியில் முட்டை கீறுவது ஏறக்குறைய நின்றே போனது. அந்த அட்டை வந்த முதல் நாள் நான் ஜன்னலுக்குப் போனபோது பரிசோதகர் ஒரு கிண்ணத்தில் நான்கு முட்டைகளை வைத்து நீட்டினார்.

"இன்னைக்கு இவ்வளவுதாங்க. புது அட்டை வந்துடுச்சு. இனிமே இப்படித்தான் இருக்கும்போல" என்றார்.

"நல்லதுதானேங்க" என்றேன். நல்லது என்று சொன்ன வாய் ஒரு பக்கம் இருக்க, முகம் வேறு எதையோ சொல்லியிருக்க வேண்டும். "அப்ப நாளைக்கு நான் வர வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பெட்டியின் மேல் இருந்த முட்டையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "வந்துதான் பாருங்களேன்" என்றார்.

மறுநாள் போனேன். முப்பது கீறல் முட்டை, ஓர் அட்டை நிறைய, தயாராக இருந்தது.

7. ஐயா, இந்த இடத்தில்தான் நான் மனுதாரராக மட்டும் இல்லாமல் குற்றம் சாட்டப்பட வேண்டியவனாகவும் ஆகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வண்டியில் வரும்போது கீறும் முட்டை வயிற்றுப் பக்கம்தான் கீறும், ஏனென்றால் அங்கேதான் இடிபடும். கோடு வளைந்து வளைந்து தாறுமாறாகப் போகும். அன்று வந்த முப்பதிலும் கீறல் முட்டையின் பெரிய முனையில் இருந்தது. நடு உச்சியில், ஒரு சின்ன நட்சத்திரம் அளவுக்கு. முப்பதும் ஒரே இடம், ஒரே அளவு. முட்டையின் அந்தப் பக்கத்தில்தான் உள்ளே காற்று இருக்கும். அங்கே தட்டினால் கருவும் படாது, வெள்ளையும் ஒழுகாது. அதை அறிந்த ஒருவர் நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ முப்பது முறை அளந்து தட்டியிருக்கிறார். இருபத்தாறு ஆண்டு முட்டை உடைத்தவன் நான். முதல் முட்டையைக் கையில் எடுத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. 'இப்படிச் செய்யாதீர்கள், நான் சும்மாவே வந்து நிற்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வாரோ என்று பயந்தேன். ஆகவே சீட்டை வாங்கிக்கொண்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்து அந்த முட்டைகளை ஒவ்வொன்றாக நேரம் எடுத்து உடைத்தேன். ஒருவர் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்ற நினைப்பில் அன்று கேக்கில் இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டேன். வாங்கிப்போனவர்கள் திரும்ப வந்து திட்டினார்கள். சந்தோஷமாகத் திட்டு வாங்கினேன்.

இது நான்கு மாதம் நடந்தது. ஏறத்தாழ மூவாயிரம் முட்டை. ஒன்றுகூட வீணாகவில்லை என்பது உண்மை. நல்ல முட்டையாக விற்றிருக்க வேண்டியவை என்பதும் உண்மை. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கட்டிவிடுகிறேன். அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமில்லை.

8. இதன் விளைவு தாங்கள் அறிந்ததே. புது அட்டை போன எல்லாக் கிடங்குகளிலும் இழப்பு இறங்கிவிட்டது. இந்த ஒரு கிடங்கில் மட்டும் இறங்க மறுத்தது. தங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வியப்பில்லை. அது அதன் வேலை. பரிசோதகரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதற்கு அவர் ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியை எங்கள் கடைக்கு டீ குடிக்க வரும் வாட்ச்மேன் சொல்லித்தான் நான் கேட்டேன்.

"கை நடுங்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார். வயசாயிடுச்சு, முட்டை நழுவுதுன்னு."

என் கையில் இருந்த பன் தட்டு நழுவியது ஐயா. அவர் கைக்கு அப்படி ஒரு நாளும் நேர்ந்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் தினமும் வந்து நின்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தன் கையையே காட்டிக்கொடுத்திருக்கிறார். தங்கள் அலுவலகம் அதை அப்படியே ஏற்று, 'கை நடுக்கம் காரணமாகப் பரிசோதனைப் பணிக்குத் தகுதியற்றவர்' என்று பணிப்பதிவில் எழுதி, வெள்ளிக்கிழமை உத்தரவு கொடுத்து, எங்கோ ஒரு கிடங்குக்குக் காலி அட்டை எண்ண அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நான் போனபோது ஜன்னலில் பலகை அறையப்பட்டிருந்தது. பழக்க தோஷத்தில் செருமினேன். உள்ளே யாரும் இல்லை.

9. கிடங்கின் மேற்பார்வையாளரிடம் போய் அவரை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்டார். உறவுமுறை எதுவும் என்னிடம் இல்லை. "கீறல் முட்டை வாங்கறவன்" என்றேன். "அதான் நிறுத்தியாச்சே" என்று கோப்பை மூடிவிட்டார். தங்கள் அலுவலகத்திலும் இதே கேள்வியை மூன்று மேசைகளில் கேட்டார்கள். மூன்றாவது மேசையில் இருந்த அம்மாள் மட்டும் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "எழுதிக் கொடுங்க சார், எழுதினா எல்லாம் நகரும்" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

10. இப்போது கிடங்கில் நடப்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டுள்ளேன். பரிசோதகரின் இடத்தில் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். பாவம், நல்ல பிள்ளைகள்தான். வேகமாக முடிக்கச் சொல்கிறார்கள், அவர்களும் வேகமாக முடிக்கிறார்கள். பண்ணையிலிருந்து முழுதாக வந்த முட்டை அவர்கள் மேசையில் கீறுகிறது. நாளுக்கு ஒன்றரை அட்டைக்குக் குறைவதில்லை. கண்ணில் படாத கீறல் நல்ல அட்டையோடு குளிர் அறைக்குள் போய், அங்கே ஒழுகி, கீழே உள்ள அட்டையையும் சேர்த்து நாசமாக்குகிறது. கண்ணில் பட்டதோ, புதுச் சுற்றறிக்கையின்படி முட்டையை உடைத்துப் பொடியாக்கும் மைய ஆலைக்குப் போகக் காத்திருக்கிறது. ஆலை வண்டி வருவது திங்களும் வியாழனும். வியாழன் வண்டி போனபிறகு கீறிய முட்டை அடுத்த திங்கள்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. முட்டைக்குச் சுற்றறிக்கை படிக்கத் தெரியாது ஐயா. அது தன்போக்கில் கெட்டுப்போகிறது. வண்டி ஓட்டுநரோ, "இதைக் கொண்டு போனா ஆலையில என்னைத்தான் காய்ச்சுவாங்க" என்று பாதியை இறக்கிவைத்துவிட்டுப் போகிறார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பன் கேட்கிறார்கள். நாற்றத்தையும் அந்த இழப்புக் கட்டத்தில்தான் எழுதுகிறார்களா என்று தெரியவில்லை.

11. என் நிலையைப் பற்றியும் ஒரு பத்தி எழுத அனுமதிக்கவும். மூன்று மாதமாக எனக்குப் பதினொரு மணி ஆகாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. பத்தே முக்காலுக்கே கை கழுவத் தொடங்கிவிடுகிறேன். பிறகு எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் மாவில் கை வைக்கிறேன். அந்த நேரத்தில் அக்கா வேண்டுமென்றே தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். இப்போது முழு முட்டைதான் வாங்குகிறேன். எடுத்தவுடன் பெரிய முனையைத் தடவிப் பார்க்கிறேன். வழவழவென்று இருக்கிறது. எங்கோ ஒரு கொட்டகையில் அவர் காலி அட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பதை நினைத்தால் அடுப்பில் ரொட்டி இருப்பதே எனக்கு மறந்துபோகிறது. ஏங்குகிறேன் என்றே எழுதிவிடுகிறேன். மனுவுக்குப் பொருத்தமான வேறு சொல் கிடைக்கவில்லை.

12. இம்மனுவை எழுதலாமா கூடாதா என்று நானும் அக்காவும் ஒரு வாரம் பேசினோம். "எழுதினா அவங்க வேலையே போயிடும்டா" என்றார் அக்கா. "எழுதாட்டி?" என்றேன். கல்லாவை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, "எழுதாட்டி அவங்க கை போயிடும்" என்றார். எனக்கும் அதுதான் பொறுக்கவில்லை. வேண்டுமென்று தட்டியவர் என்ற பேர் பெரிதா, தடுமாறிக் கீறியவர் என்ற பேர் பெரிதா என்று தாங்கள் கேட்கலாம். கைவேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. முதலாவது ஒரு தப்பு, கண்டித்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது ஆளையே இல்லையென்று ஆக்குவது.

மேலும், அந்த நான்கு மாதக் கீறல்களே என் தரப்பு ஆதாரம். நாளுக்கு முப்பது முட்டை; ஒவ்வொன்றிலும் ஒரே இடம், ஒரே அளவு; உள்சவ்வு ஒன்றிலும் கிழியவில்லை. தங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்து ஓர் அட்டை முட்டையை அப்படித் தட்டச் சொல்லிப் பாருங்கள். மேசை முழுக்க வழிந்து ஓடும். நடுங்குகிற கையால் ஆகிற காரியமா அது?

13. ஆகவே, ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

(அ) பரிசோதகரின் பணிப்பதிவில் உள்ள 'கை நடுக்கம்' என்ற குறிப்பை நீக்கி, அவரை மீண்டும் பரிசோதனை மேசையில், எந்தக் கிடங்கிலாயினும், அமர்த்துமாறும்;

(ஆ) படிவத்தில் கீறலுக்குத் தனிக் கட்டம் ஏற்படுத்தி, அன்றன்றைய கீறல் முட்டைகளை அன்றன்றே அருகில் அடுப்பு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுக்குமாறும் (எனக்குத்தான் தர வேண்டும் என்று கேட்கவில்லை);

(இ) தண்டனை ஏதேனும் உண்டென்றால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு அதில் பெரும்பங்கைத் தருமாறும்

கேட்டுக்கொள்கிறேன்.

14. ஊழியர் ஒருவரைப் பற்றி மனு வந்தால், அதன் நகலை அவருக்கே அனுப்பி எழுத்து மூலம் விளக்கம் பெற வேண்டும் என்பது தங்கள் விதி என்று மூன்றாவது மேசை அம்மாள் சொன்னார். அந்த விதியைத் தவறாமல் பின்பற்றுமாறு தனியே வேண்டுகிறேன். அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. தங்கள் தபாலுக்குத் தெரியும். மேலே உள்ளதைப் படித்துவிட்டு, 'இந்த பேக்கரிக்காரர் சொல்வதெல்லாம் பொய்' என்று அவர் எழுதினால், நான் பொய் சொன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

விளக்கம் கேட்கும்போது, மனுதாரர் சார்பில் ஒரு கேள்வியையும் அவரிடம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் ஐந்து நிமிடம் கிடைத்தும் கேட்கத் தைரியம் வராத கேள்வி அது. கேள்வி பின்வருமாறு: "என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் எழுதினால் போதும். அதைக் கோப்பிலேயே வைத்துவிடாமல் எனக்கும் ஒரு வரி தெரிவிக்கவும்.

15. கடைசியாக ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். பத்தி 14-க்கு வரும் பதிலுக்கும் பத்தி 13 (அ)-வில் உள்ள கோரிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் 'இல்லை' என்று எழுதினால் அது என்னோடு போகட்டும், நான் தாங்கிக்கொள்வேன். அப்போதும் அந்தக் கையில் நடுக்கம் இல்லை ஐயா. எழுதியிருப்பதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

நாள்: 17, செவ்வாய்க்கிழமை
இடம்: பேக்கரியின் பின்னறை

இங்ஙனம்,
(ஒப்பம்)
பேக்கரிக்காரர்

நகல்: முட்டைப் பரிசோதகர் அவர்களுக்கு, தங்கள் அலுவலகம் வழியாக.